நாலாவது மன்றாட்டை யார் எழுதுகிறார்கள்?

லிங்கராஜபுரத்துக்காரி:

பெங்களூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது எங்கள் வட்டாரக் கோயிலில், ஞாயிறு தமிழ்ப் பூசை காலை ஆறரைக்கு. அது முடிவதற்குள்ளேயே இங்கிலீஷ் பூசைக்காரர்கள் வாசலில் வண்டியோடு வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் கன்னடம். இறுதி ஆசீர் வாங்கிய கையோடு பைக் சாவியை எடுக்காவிட்டால் வெளியே போகவே முடியாது. வருஷக்கணக்கில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்கூட சமாதானம் சொல்லும்போது கைகூப்புவதோடு சரி. பேர் தெரியாது.

இதை மாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். குடும்ப விழா, விளையாட்டுப் போட்டி, தம்போலா. தம்போலாவுக்குக் கூட்டம் வரும். அடுத்த வாரம் பழைய கதைதான். கடைசியில் பலன் கொடுத்தது பூசைக்குள்ளேயே இருந்த ஒரு சின்ன இடம்: விசுவாசிகள் மன்றாட்டு. மக்களில் ஒருவர் ஏறி வேண்டுதலை வாசிக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லும் இடம்.

பழைய லத்தீன் முறையில் இந்த மன்றாட்டு பெரிய வெள்ளியன்று மட்டும்தான் மிஞ்சியிருந்தது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம்தான் ஞாயிறுகளுக்கும் கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய கடன் திருநாட்களுக்கும் இதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. இதற்கு வரிசையும் உண்டு: முதலில் திருச்சபை, அப்புறம் நாட்டை ஆள்பவர்களும் உலகமும், மூன்றாவது துன்பப்படுகிறவர்கள், நாலாவது உள்ளூர் மக்கள். ஆனால் நாம் நாலையும் அச்சடித்த புத்தகத்திலிருந்து வாசித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். "எம் பங்கு மக்கள் அனைவரும் அன்பிலும் ஒற்றுமையிலும் வளர..." யாருக்காவது உறைக்குமா?

புதிதாக வந்த பங்குத்தந்தை நாலாவதை மட்டும் அன்பியங்களிடம் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) விட்டார், வாரம் ஒரு அன்பியம் என்று. புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடாது, மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

2024 கோடை பெங்களூரில் இருந்தவர்களுக்கு மறக்காது. போர்வெல்கள் வற்றி, எங்கே பார்த்தாலும் தண்ணீர் லாரிக்குச் சண்டை. அப்போது எங்கள் அன்பியத்தின் முறை வந்தது. எங்கள் தெரு ஆயா ஒருவர், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளோடு ஏறினார். மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்து வளைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: "எங்க தெருவுல ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி லாரிக்காக முழிச்சிருக்கிற பொம்பளைங்களுக்காக. அவங்க குடத்துல தண்ணியும், காலையில வேலைக்குப் போகத் தெம்பும் குடுங்க ஆண்டவரே."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்ற பதில் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை. பூசை முடிந்ததும் பின் தெரு வீட்டுக்காரர் ஒருவர் ஆயாவைத் தேடி வந்தார். அவர் வீட்டு போர்வெல்லில் இன்னும் தண்ணீர் இருந்தது. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஹோஸை கேட்டுக்கு வெளியே போடறேன், வந்து பிடிச்சுக்கச் சொல்லுங்க ஆயா" என்றார். மழை வரும்வரை போட்டார். அதுவரை இவரும் ஆயாவும் ஒரே பூசைக்கு வந்து போனவர்கள், அவ்வளவுதான்.

உங்கள் பங்கில் எப்படி? நாலாவதை யார் எழுதுகிறார்கள்?

பழைய பாடகர் குழு:

எங்களிடமும் இது நடந்தது அக்கா, ஆனால் கதை வேறு பக்கம் போனது. முதல் மாதமே மன்றாட்டு அறிவிப்புப் பலகை ஆகிவிட்டது. பிறந்தநாள், கல்யாண நாள், புது வீடு மந்திரிப்பு, மருமகனுக்கு அமெரிக்க விசா. ஒரு ஞாயிறு இதைவிடப் பெரிய வம்பு. "குடித்துவிட்டுத் தெருவில் கத்துகிறவர்கள் மனம் திரும்ப" என்று ஒரு அம்மா வாசித்தார். கோயிலே ஒரு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் அதோடு பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சபை கூடி வேண்டுவதற்கும் சபையில் நிறுத்தி வைத்துக் கேட்பதற்கும் நடுவில் கோடு மெல்லியது. இப்போது சனிக்கிழமை மாலையே தாள், பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கைக்குப் போய்விட வேண்டும். அவர் பென்சிலால் அடித்து நீக்குவதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. முறையை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்துக்குத் திரும்பினால் வம்பு இருக்காது, வாசிப்பதை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.வாசி:

நான் தூத்துக்குடிப் பக்கம். வேலைக்காக இங்கே பி.ஜி.யில், அதாவது வாடகை விடுதியில் இருக்கிறேன். அன்பியம் என்றால் வீடு, குடும்பம், முகவரி எல்லாம் வேண்டும். எங்களைப்போல ஒரு ரூமுக்கு மூன்று பேர் இருப்பவர்களுக்கு அன்பியமும் கிடையாது, பங்குப் பதிவேட்டில் பேரும் கிடையாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 தேர் வரை சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை ஆலயத் திருவிழாவுக்குப் போவேன். காவி உடுத்திய அந்தக் கூட்டத்தில் நீ எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஊரில் அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அலுத்தவனுக்கு அது பெரிய நிம்மதி. கூட்டத்தில் தொலைவதும் கோயிலுக்குப் போகும் காரணம்தான்.

ஆனால் ஒரு பெரிய வியாழன், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் நாளில், நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் போகும் பங்கில் அன்று மட்டும் மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே பூசை. பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும், ஒருவர் வரவில்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, கடைசி வரிசையில் நின்ற என்னைப் பிடித்துவிட்டார். "ஷூவைக் கழட்டுங்க தம்பி, சீக்கிரம்." சாக்ஸ் கட்டைவிரலில் ஓட்டை. ஒரு பக்கம் கன்னட ஆட்டோ டிரைவர், மறுபக்கம் கொங்கணி பேசும் ஆன்ட்டி ஒருவர், வீட்டு வேலை செய்கிறவர். 2016-இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றும்வரை பெண்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், ஆன்ட்டியே சொன்னார். ஃபாதர் தண்ணீர் ஊற்றும்போது டிரைவருக்குக் கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் சிரிப்பை அடக்கினோம். இப்போது அவர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் என்னைப் பார்த்தால் ஆட்டோவிலிருந்தே கத்துவார். அவர் கன்னடம், நான் பாதி தமிழ்.

லிங்கராஜபுரத்துக்காரி:

தம்பி, பி.ஜி.க்காரர்களை மட்டும் சேர்த்து ஒரு அன்பியம் வைத்தால் வருவீர்களா? எங்கள் ஃபாதரிடம் கேட்டுப் பார்க்கிறேன், அவர் உங்கள் ஃபாதரிடம் பேசட்டும். ஞாயிறு சாயங்காலம் சரியா?

பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.வாசி:

ஞாயிறு வேண்டாம் அக்கா, அன்றைக்குத்தான் வாஷிங் மெஷினுக்கு வரிசை. சனி ராத்திரி எட்டரைக்கு மேல் வையுங்கள். சாப்பாடு உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூட்டம் பற்றிக் கவலை வேண்டாம்.