பி.காம். முடித்தவன் எம்.ஏ. வரலாறு படிக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். போன பொங்கல் லீவில் உத்திரமேரூர் போய்க் ஊர்ச்சபைக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்ததைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்த்தேன். அன்றிலிருந்து எம்.ஏ. வரலாறு படிக்க ஆசை. தாக்குப்பிடிப்பேனா? வேலை கிடைக்குமா? "இந்த வயசுல புஸ்தகமா?" என்கிறார் அம்மா.

பழைய ஓலை:
தம்பி, நானும் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவன்தான். கணக்குத் தெரிந்தது உங்களுக்கு லாபம். கோயில் கல்வெட்டில் பாதிக்குமேல் வரவு செலவுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு தானம்; அதை வாங்கிய இடையர் தினமும் உழக்கு நெய் தரவேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. குட்டிகளால் மந்தையை ஈடுகட்டுவதால் கணக்கில் ஆடு சாவதே இல்லை! உங்கள் முதலாளி கேட்டால் மகிழ்வார்.

கஷ்டம் கல்வெட்டு எழுத்தில்தான். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, நடுவே வடமொழிச் சொல்லுக்குக் கிரந்த எழுத்தும் வரும். எனக்கு ஆறு மாதம் தலை சுற்றியது. அப்புறம் ஆண்டும் நேரடியாக இருக்காது, அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்றுதான் இருக்கும். நீங்கள் பார்த்தவை சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, 921.

மதுரைக்காரி:
வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கல்லூரியில் பாடம் எடுக்க நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) வேண்டும். நெட்டுக்கு எம்.ஏ.வில் பொதுப்பிரிவினருக்குக் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள் தம்பி.

கணக்குப்பிள்ளை:
சரி அக்கா, விடவில்லை. ஆட்டுக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டார்.