மாடியில் தேனீக் குழாய்: மூன்று மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

வியாசர்பாடி மாடியில் கொய்யா பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை, மண்ணால் கூடு அடைக்கும் மேசன் தேனீ வளர்க்கலாமா என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். அது குளிர்நாட்டுத் தேனீ, ஜப்பானில் 1940களிலிருந்து ஆப்பிள் தோட்டங்களில் வளர்க்கிறார்கள், நம் வெயிலுக்கு வராது என்று ஒரு அண்ணன் பதில் போட்டார். சரி, நம் ஊர்த் தனித்தேனீ (கூட்டமாக வாழாமல் தனித்தனியே கூடு கட்டுவது) வரட்டும் என்று ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளைக் கட்டி, கிழக்குப் பார்த்து, மழை படாத இடத்தில் தொங்கவிட்டேன்.

இருபது துண்டில் ஏழின் வாய் அடைபட்டுவிட்டது, உள்ளே கூடு கட்டியாயிற்று! ஐந்தில் இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையில் வட்டமாக வெட்டிய துண்டை வயிற்றடியில் பிடித்துக்கொண்டு வரும். அதைச் சுருட்டிக் கிண்ணமாக்கி, மகரந்த உருண்டை வைத்து, ஒரு முட்டை. அப்புறம் அடுத்த கிண்ணம். உள்கோடியில் பெண் முட்டை, வாசல் பக்கம் ஆண். ரோஜா இலை ஓட்டையானதைப் பார்த்து மருந்து அடித்துவிடாதீர்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது.

மண் பூசிய இரண்டும் குளவியாக இருக்கலாம். அதையும் கலைக்கவில்லை, புழுவைப் பிடிக்கட்டும்.

எறும்புதான் தொல்லை. கட்டிய கம்பியில் கிரீஸ் தடவியபின் நின்றது.

கொய்யாவில் இப்போது பதினொரு பிஞ்சு. தேனீயால்தானா என்று அடுத்த பூப்புவரை பார்த்துச் சொல்கிறேன். இலைவெட்டித் தேனீக்குத் துவரைப் பூ பிடிக்கும் என்பதால் ஆடியில் இரண்டு தொட்டியில் விதைக்கப்போகிறேன்.