உணவுச் சங்கிலிப் படத்தில் அம்பு ஏன் தலைகீழாக இருக்கிறது?

நீடாமங்கலம் அம்மா:
மகள் ஐந்தாம் வகுப்பு. திங்கட்கிழமை உணவுச் சங்கிலி வரைந்துகொண்டு போக வேண்டும். புல் → வெட்டுக்கிளி → தவளை → பாம்பு → கழுகு. "வெட்டுக்கிளிதானே புல்லைத் தின்னுது, அம்பு புல்லைப் பார்த்துத்தானே இருக்கணும்?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கழுகை அவள் பார்த்ததும் இல்லை. நம்ம வயலை வைத்துச் சொல்லித்தர வழி உண்டா?

கூத்தாநல்லூரான்:
சாப்பாடு எந்தப் பக்கம் போகிறதோ, அம்பு அந்தப் பக்கம். புல் வெட்டுக்கிளியின் வயிற்றுக்குள் போகிறது, அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி சொன்னது சரி. கழுகை விடுங்கள் அம்மா, பிள்ளையைச் சம்பா வயலுக்குக் கூட்டிப் போங்கள். வரப்பில் குந்தி, ஒரு நெல் தூரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்கள். எள் அளவில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் புகையான் பூச்சி. தண்டில் சாறு உறிஞ்சும். பக்கத்திலேயே ஒரு சிலந்தி ஓடும். வலை பின்னுகிற ஜாதி இல்லை, துரத்திப் பிடிப்பது. ஆக நெல் → புகையான் → சிலந்தி → தவளை → தண்ணீர்ப் பாம்பு. தவளைக்கு மடையான் கொக்கும் காத்து நிற்கும், அங்கே ஒரு கிளை போடச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். எங்கள் வயலிலேயே பார்த்தது: புகையான் தலை காட்டியதும் கடைக்காரர் கொடுத்த மருந்தை அடித்தோம். சிலந்தி சுத்தமாகப் போய்விட்டது. புகையான் முட்டையோ இலையுறைக்குள் செருகிக் கிடக்கும், மருந்து எட்டாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரித்தபோது பிடித்துத் தின்ன ஆளே இல்லை. வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோனது.

தவளையும் அப்படித்தான். தவளைக்கால் ஏற்றுமதி ஒரு காலத்தில் பெரிய வியாபாரம். 1987-ல் இந்தியா அதைத் தடை செய்தது. வயல் பூச்சியைத் தின்ன தவளை வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நீடாமங்கலம் அம்மா:
ரொம்ப நன்றி ஐயா. இன்று காலையில் போய் வந்தோம், சிலந்தி கிடைத்தது! இப்போது வேறு கேள்வி: தவளை அத்தனை கத்துகிறதே, பாம்பு மட்டும் ஏன் கொஞ்சமாக இருக்கிறது?

வெண்ணாற்றங்கரை:
கெட்டிக்காரப் பிள்ளை. தின்றதில் பெரும்பகுதி ஓடவும் மூச்சு விடவுமே செலவாகிவிடும், கொஞ்சம் கழிவாகப் போகும். அடுத்த படிக்குத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பயிரில் 1000 பங்கு என்றால் பூச்சிக்கு 100, சிலந்திக்கு 10, தவளைக்கு 1. பாம்புக்கு என்ன மிஞ்சும், பாருங்கள். லிண்டெமன் என்ற அமெரிக்கர் 1942-ல் ஒரு ஏரியை வைத்து இந்தப் போக்கைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சங்கிலி குட்டையாக இருந்தால் மேலே இருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். நெல் → எலி → கூகை ஆந்தை, மூன்றே கண்ணி. அதனால்தான் கூகை உட்கார வயலில் குச்சி நடச் சொல்கிறார்கள். எலிக்குக் கிட்டிப் பொறி வைக்கிறவர்கள் கூகைக்குப் போட்டி!

கூத்தாநல்லூரான்:
அக்கா, நெல்லுக்கு முன்னால் சூரியனைப் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பையனுக்கு அதில்தான் ஒரு மார்க் போனது.