வீட்டில் செய்த ரைஃபிள், மாநிலம் மாறினால் என்ன சட்டம்?

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

டெக்சாஸில் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு ரைஃபிள் செய்கிறார் என்று வையுங்கள். துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர் என்றால், கூட்டரசின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமமோ வரிசை எண்ணோ வேண்டாம். விற்பதைத் தொழிலாக்கினால் உரிமம் வேண்டும். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் கதையே வேறு: வேலையைத் தொடங்கும் முன்பே ஏடிஎஃப்பிடம் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு) படிவம் 1 என்ற விண்ணப்பம் கொடுத்து ஒப்புதல் வாங்கணும். 2026 ஜனவரியில் அதோடு கட்டவேண்டிய 200 டாலர் வரிதான் போச்சு, படிவம் போகலை. பலர் சறுக்குவது இங்கேதான்.

பாதி முடித்த கிட் (வீட்டில் துப்பாக்கியாகச் சேர்க்கும் பாகத் தொகுப்பு) பற்றிய ஏடிஎஃப்பின் 2022 விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் 7-2 என உறுதிசெய்துவிட்டதால் அதில் சந்தேகமில்லை.

சந்தேகம் கலிஃபோர்னியாவில். அங்கே செய்யத் தொடங்கும் முன்பே மாநில நீதித் துறையிடம் வரிசை எண் வாங்கணும். ஏற்கெனவே செய்ததோடு குடியேறுபவர் எண்ணுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எல்லை தாண்டும் முன்பா, பின்பா? உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அன்றே திருப்பித் தராமல் பதிவேட்டில் ஏற்றினால், கூட்டரசு விதிப்படி எண் பொறிக்கணும். அந்த எண்ணை கலிஃபோர்னியா ஏற்குமா?

"யாரும் கேட்க மாட்டாங்க" வகைப் பதில் வேண்டாம். பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது.