டிக்கிகுவானியா: 22 கோடி ஆண்டுப் பல்லியா, நேற்றைய ஒடக்கானா?

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறைப் படிவில் கிடைத்த ஒரு சின்னக் கீழ்த்தாடைக்கு 2006-இல் டிக்கிகுவானியா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 22 கோடி ஆண்டு. டைனோசர்கள் தலையெடுத்த காலத்திலேயே ஒடக்கானின் (ஓணானின்) முன்னோர் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

கருப்பூரான்:
இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. அந்தத் தாடையை இன்றைய ஓணான் இனங்களின் தாடையிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியவில்லை என்று 2012-இல் வேறொரு குழு எழுதியது. பற்களும் அதே மாதிரிதான், குழிக்குள் ஊன்றாமல் தாடை விளிம்பின் மேலேயே ஒட்டியிருக்கின்றன. கண்டங்களே பிரிந்து நகர்ந்துவிட்டன, தாடை மட்டும் அப்படியே இருந்ததா? பிற்கால எலும்பு ஒன்று பழைய மண்ணில் கலந்துவிட்டது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊர் வெள்ளைக்கல் குழிகளில் பார்த்திருக்கிறேன். ஒரு மழை பெய்தால் போதும், மேல்மண், எலும்பு, கொட்டாங்குச்சி எல்லாம் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடும்.

காப்பித்தோட்டம்:
உங்கள் ஊர்க் குழியில் நடந்தது டிக்கியிலும் நடந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இத்தாலியில் கிடைத்த மெகாகிரெல்லா என்ற புதைபடிவத்தைப் பாருங்கள். 2003-இல் பெயரிட்டபோது அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றே தெளிவில்லை. பாறையை உடைக்காமல் நுண் சிடி ஸ்கேன் எடுத்து, 2018-இல் பல்லி, பாம்பு வம்சத்தில் சேர்த்தார்கள். வயது 24 கோடி ஆண்டு. அதுவரை தெரிந்த பழைய பல்லிகளைவிட 7.5 கோடி ஆண்டு மூத்தது. அப்படியிருக்க 22 கோடியில் ஒரு பல்லி இருந்தால் என்ன தவறு?

அஸ்தம்பட்டி வாசகி:
குறுக்கே ஒரு கேள்வி. சேர்வராயன் மலையும் பழையதுதானே, அங்கே தேடினால் கிடைக்காதா?

கருப்பூரான்:
கிடைக்காதுங்க. அது சார்னோக்கைட், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பாறை. பூமிக்கடியில் வெந்து உருமாறியது, எலும்புள்ள உயிர்கள் தோன்றுவதற்கு வெகு முன்னாலேயே உருவானது. புதைபடிவம் தேட நமக்குப் பக்கம் அரியலூர்தான்.

காப்பித்தோட்டம் அண்ணாவுக்கு: பல்லி இருந்ததில் தவறே இல்லை. மெகாகிரெல்லா பல்லி வம்சத்தின் அடிவேர். டிக்கிகுவானியாவோ ஒடக்கான் கிளையின் நுனியில் போய் உட்காருகிறது. வேர் பழையது என்பதால் நுனிக் கொழுந்தும் அதே வயது என்று சொல்ல முடியுமா? ஒடக்கான் குடும்பம் அப்போதே பிரிந்துவிட்டது என்றால், மற்றப் பல்லிக் குடும்பங்கள் பலவும் அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றின் எலும்பாவது அந்தக் காலப் பாறையில் கிடைத்திருக்கிறதா?

காப்பித்தோட்டம்:
வேர், நுனி விஷயம் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலும்பு கிடைக்காததாலேயே உயிர் இல்லை என்று ஆகாது. 2018 வரை மெகாகிரெல்லாவுக்கும் இதையேதானே சொல்லியிருப்பீர்கள்? சின்ன எலும்பு எளிதில் நொறுங்கிப் போகும்.

கருப்பூரான்:
அதனால்தான் அதே படிவில் இன்னும் தேட வேண்டும் என்கிறேன். தளர்ந்த மண்ணில் வேண்டாம், உடையாத பாறைக்குள்ளேயே பதிந்த இன்னொரு தாடை கிடைக்கட்டும். அன்றைக்கு இதே இடத்தில் வந்து என் பேச்சை மாற்றி எழுதுகிறேன்.