அப்டேட்: அண்ணனோட ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு வந்துருச்சு

ஸ்ட்ரோக் வந்த அண்ணனுக்கு இங்க மலேசியாவுல இந்த கார்டு எப்படி எடுக்குறதுன்னு ரெண்டு மாசம் முன்னாடி புலம்பி எழுதிருந்தேன்ல, ஒருவழியா கெடச்சிருச்சு, பதில் போட்ட அக்கா தம்பிங்க எல்லாருக்கும் நன்றி.

மொதத் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, ஏன்னா போராங்ல (மனு பாரத்துல) டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கம் பாதி காலி, நாங்களும் சோப் (முத்திரை) போட்டிருக்கான்னு பாக்காமலே கவுண்டர்ல நீட்டிட்டோம், மறுபடி எங்க வீடு இருக்குற ஆயர் ஈத்தாம்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். அதனால டாக்டர் ரூம விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பாத்துருங்க.

நான் தப்பா நெனச்சிருந்தது என்னன்னா, கார்டு வந்தா காசும் தானா வரும்னு. வராது லா! கார்டு வெறும் பதிவுதான், கெபாஜிக்கான்ல (சமூக நல இலாகால) உதவித்தொகைக்கு தனியா மனு போடணும், வருமானத்தையும் பாப்பாங்க. வேலை செய்யவே முடியாதவங்களுக்கு ஒண்ணு, கொறஞ்ச சம்பளத்துல வேலை செய்றவங்களுக்கு இன்னொண்ணு. 2021 பட்ஜெட்ல மொதல்து மாசம் 250லேர்ந்து 300 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டாவது 400லேர்ந்து 450 வெள்ளின்னு ஏத்துனாங்க. ரெண்டையும் சேத்து வாங்க முடியாது.

அண்ணன் பேக்டரில 11 வருஷம் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு சந்தா) கட்டிருக்கார், அதுல இயலாமை பென்ஷன் தனிக் கணக்கு, கெபாஜிக்கானுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இத எங்களுக்கு யாருமே சொல்லல, பக்கத்து வீட்டு மாமாதான் சொன்னாரு. அந்த மனு நேத்துதான் போட்டோம், மெடிக்கல் போர்டு கூப்பிடுவாங்களாம்.