எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைஞ்சு சுலபமா முறியற நோய்) மருந்து எடுக்கிறவங்ககிட்ட நீங்க பார்த்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

மருந்துக் கவுன்ட்டர்:
வாரம் ஒண்ணு போடுற அலெண்ட்ரோனேட் 70 மி.கி. ரெண்டாவது அட்டை வாங்க வந்த அம்மா, "நெஞ்சு கரிக்குது, எனக்கு ஒத்துக்கலை, நிறுத்திடட்டுமா"ன்னாங்க. எப்படிப் போடுறீங்கன்னு விசாரிச்சா, விடிகாலைல படுக்கையிலேயே ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கிட்டு மறுபடி படுத்துடுவாங்களாம். பழி மட்டும் மருந்துமேல! அது உணவுக்குழாய்ல ஒட்டினா புண்ணாக்கிடும். வெறும் வயிறு, ஒரு பெரிய டம்ளர் நிறைய சாதாத் தண்ணி (200 மில்லிக்குக் குறையாம), மெல்லவோ சப்பவோ கூடாது, அடுத்த அரை மணி உட்காரணும் இல்லேன்னா நடமாடணும். காபியோட போடுறது இன்னும் மோசம். ஒழுங்கா போட்டாலே உடம்புல சேர்றது 1 சதவீதத்துக்கும் கீழே, காபி அதுலயும் பாதிக்கு மேல பிடுங்கிக்கும். மாசம் ஒண்ணு போடுற இபாண்ட்ரோனேட் 150ன்னா அரை மணி பத்தாது, ஒரு மணி நேரம்.

வீட்டுச்செவிலி:
கால்சியத்தை விட்டுட்டீங்களே, அதிகமா நடக்கிற தப்பே அதுதான். ஒரு தாத்தாவோட மாத்திரைப் பெட்டி கண்ணுலயே நிக்குது. ஞாயிறு காலை அறையில அலெண்ட்ரோனேட், தைராய்டு மாத்திரை, கால்சியம் மூணும் ஒண்ணா! மகள் பார்த்துப் பார்த்து அடுக்கி வெச்சது. மூணையும் ஒரே வாயில போட்டா கால்சியம் மத்த ரெண்டையும் குடல்லயே கட்டிப்போட்டுடும். முதல்ல அலெண்ட்ரோனேட் தனியா, அரை மணி கழிச்சு தைராய்டு, அதுக்கப்புறம் 4 மணி நேரமாவது விட்டு மதியச் சாப்பாட்டோட கால்சியம். கார்பனேட் வகை சாப்பாட்டோடதான் சேரும். தினம் கேஸ் மாத்திரை போடுறவங்களுக்கு கால்சியம் சிட்ரேட் மேல். அட்டையில கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.ன்னு இருந்தா உள்ள இருக்கிற கால்சியம் 500தான். ஒரே வேளையில அதுக்கு மேல தள்ளினா பெரும்பாலும் வீண்.
ஞாயிறு மறந்துட்டா திங்கள் காலை போட்டுட்டு, அடுத்தது பழையபடி ஞாயிறு. ஒரே நாள்ல ரெண்டு வேண்டாம்.

முறிவுவார்டு:
எப்படிப் போடணும்னு ரெண்டு பேரும் பாடம் எடுத்தாச்சு. போடவே மாட்டேங்கிறவங்களை என்ன பண்றது? இடுப்பு முறிஞ்சு ஸ்ட்ரெச்சர்ல கிடந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்த ஊசி தாடையை அரிச்சிடும்னாங்களே?" மணிக்கட்டு ஏற்கெனவே உடைஞ்சவங்க, டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தி ஸ்கேன்ல வர்ற மதிப்பு) -2.5க்குக் கீழே, அதாவது எலும்புப்புரைதான். மருந்துச் சீட்டு மடிச்சது மடிச்சபடி கைப்பையில. எலும்புப்புரைக்குக் கொடுக்கிற அளவுல தாடை எலும்பு பாதிக்கப்படறது பொதுவா வருஷத்துக்கு 10,000 பேர்ல ஒருத்தர், அதைவிடக் குறைவுன்னும் கணக்கு உண்டு. 2007ல வந்த ஹொரைசன் ஆய்வுல வருஷம் ஒரு சோலெட்ரானிக் ஊசி, 3 வருஷத்துல இடுப்பு முறிவை 41 சதவீதமும் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் குறைச்சுது. எதுக்குப் பயப்படணும்?

பல்லும் ஈறும்:
பயத்தைக் கேலி செய்யாதீர்கள் முறிவுவார்டு. தாடைக் கதைகளில் பெரும்பாலானவை புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுடையவை. அங்கே அதே சோலெட்ரானிக் 4 மி.கி., மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏறும். இங்கே 5 மி.கி., வருஷத்துக்கு ஒன்று. இதைப் பொறுமையாகச் சொல்லத்தான் ஆளில்லை. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கி, ஈறு மூடிய பிறகு மருந்தைத் தொடங்குவது நல்லது. பல்செட் உரசிப் புண்ணாகிறதா, அதையும் சரிசெய்துவிடுங்கள். தொடங்கிய பின் சுத்தம் செய்வதற்கோ அடைப்பதற்கோ வேர் சிகிச்சைக்கோ தடையில்லை. பிடுங்குவதாக இருந்தால் மட்டும் மருந்தின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஊசிநாள்:
எலும்புப்புரைக்கே போடுற இன்னொரு ஊசி டெனோசுமாப், அதைப் பத்தி யாருமே வாய் திறக்கலையே? 60 மி.கி., தோலுக்கடியில, 6 மாசத்துக்கு ஒண்ணு. ஸ்கேன் நல்லா வந்துடுச்சு, இனி எதுக்குன்னு ஒரு அம்மா விட்டுட்டாங்க. அடுத்த வருஷம் வாளியைத் தூக்கும்போது முதுகுல சடக்னு ஒரு சத்தம். எக்ஸ்ரேல மூணு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. இந்த மருந்து எலும்புல தங்காது, வேகம் தீர்ந்ததும் அடக்கி வெச்ச தேய்மானம் மொத்தமா பாஞ்சுடும். கடைசி ஊசியிலேருந்து 7 மாசம் தாண்ட விடாதீங்க. நிறுத்தித்தான் ஆகணும்னா சோலெட்ரானிக்கோ அலெண்ட்ரோனேட்டோ பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். இதை முதல் ஊசிக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.

மருந்துக் கவுன்ட்டர்:
இதைப் படிச்சிட்டு மாத்திரைக்காரங்க கலங்க வேண்டாம். அலெண்ட்ரோனேட் எலும்புல வருஷக்கணக்கா தங்கும். அதனாலதான் 5 வருஷம் முடிஞ்சு முறிவு ஆபத்து குறைவா இருந்தா டாக்டர் இடைவேளை கொடுக்கிறார், சோலெட்ரானிக்னா 3 வருஷத்துல. ரொம்ப நாளா எடுக்கிறவங்களுக்குத் தொடையிலயோ கவட்டையிலயோ மந்தமா வலிச்சா மூட்டுவலின்னு தைலம் தேய்ச்சுட்டு இருக்காதீங்க. தொடையெலும்புல விரிசல் விடுதான்னு ரெண்டு தொடைக்கும் எக்ஸ்ரே பார்க்கணும். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு) நிமிஷத்துக்கு 35 மில்லிக்குக் கீழேன்னா சோலெட்ரானிக் கூடவே கூடாது.

வீட்டுச்செவிலி:
சோலெட்ரானிக் போட்ட மறுநாள் காய்ச்சல், உடம்புவலின்னு அடுத்த வருஷ ஊசியையே வேண்டாங்கிறாங்க. முதல் ஊசிக்குத்தான் அது அதிகம், பாராசிட்டமாலுக்கு மூணு நாள்ல அடங்கிடும். வைட்டமின் டி பார்க்காம போட்டாங்களான்னுதான் கேட்கணும். அது குறைஞ்சிருந்தா ரத்தத்துல கால்சியம் சரிஞ்சு விரல் மரத்துப்போய் இழுக்கும், அதுக்குப் பாராசிட்டமால் கேட்காது.